வாசகர் கேள்வி பதில்: கோபுரத்துக்குப் பெயிண்ட், தூம்புக்குச் சிமெண்ட்

போன மாதம் இந்தப் பகுதியில் பழைய கோயில்களும் புது மாதிரி மழையும் பற்றிப் போகிறபோக்கில் நான்கு வரி எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. குரல்பதிவு அனுப்பியவர்களும் உண்டு, அதில் ஒருவர் பதினோரு நிமிடம் பேசி, நடுவில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து மறுபடியும் பேசியிருக்கிறார். அதனால் இந்த வாரம் சம்பளம், சம்பந்தி, சர்க்கரை வியாதி எல்லாவற்றுக்கும் லீவு. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருந்தார்கள், எல்லாருக்கும் ஊர்ப்பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

ஆயிரம் வருடம் நின்ற கருங்கல் கோயில், ரெண்டு டிகிரி வெயில் கூடினால் கரைந்துவிடுமா? எதற்கெடுத்தாலும் பருவநிலை மாற்றம் என்பது ஃபேஷனாகிவிட்டது.
– கோபிசெட்டிபாளையம் வாசகர்

கல் கரையாதுங்க. அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஒரு கோயிலில் கல் எவ்வளவு, கல் அல்லாதது எவ்வளவு என்று ஒருநாள் மேலே ஏறிப் பார்த்தால் தெரியும். மண்டபத்தின் கூரையில் கற்பலகை, அதற்கு மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தளம், அதற்கு மேல் தட்டோடு என்கிற தட்டை ஓடு. கோபுரத்திலும் கல்காரம் என்கிற அடிப்பகுதி வரைக்கும்தான் கல், மேல்நிலை எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையும். தண்ணீர் உள்ளே போவது இந்த இடங்களில்தான்.

மழை வரும் விதம் மாறியிருப்பதுதான் விஷயம். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைப் பிடித்துவைக்கும், பிடித்ததை எங்காவது ஒரே மூச்சில் கொட்டும். 2024 உலகம் முழுக்க அளவெடுத்ததிலேயே அதிக வெப்பமான ஆண்டு. அந்த ஏப்ரலில் ஈரோட்டில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியது உங்கள் ஊர் வரைக்கும் தெரிந்திருக்கும். பத்து நாள் தூறிப் போக வேண்டிய மழை ஒரு ராத்திரியில் விழுந்தால், தளத்துத் தண்ணீரை வெளியே விடும் தூம்பு அதற்குப் போதாது. தண்ணீர் தேங்கும், தட்டோட்டின் இடுக்கில் இறங்கும், பிறகு நாலு மாதம் தீப்பிடித்த மாதிரி வெயில். தளம் விரிசல் விடும். அந்த விரிசலில் காக்காய் எச்சத்தோடு ஒரு அரச விதை விழுந்தால் மீதியை வேர் பார்த்துக்கொள்ளும்.

வெளியே ஒரு உதாரணம் சொல்கிறேன். சிந்து நதிக்கரையில் மொகஞ்சதாரோ, நாலாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட செங்கல். 2022 ஆகஸ்டில் பாகிஸ்தானில் கொட்டிய மழையில் அங்கே சுவர்கள் சரிந்தன. அந்த ஊர் வெயிலை அது தாங்கியது, அப்படி ஒரு மழையைத் தாங்கவில்லை.

இதோடு நம் ஆட்கள் செய்யும் கைங்கரியம் ஒன்று இருக்கிறது, திருப்பணி என்ற பெயரில். கசிகிறதா, சிமெண்ட் பூசு. சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்ளே வாங்கினாலும் திரும்ப வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் பக்கத்துச் செங்கல் வழியாகவோ கல் வழியாகவோ உப்பையும் கூட்டிக்கொண்டு வெளியே வரும். அந்த உப்பு பூத்துக் காய்ந்து, மறுபடி நனைந்து, மறுபடி பூத்து, கல்லின் மேல்தோல் அப்பளம் மாதிரி பொரிந்து விழும். சில கல்வெட்டுகளில் பாதி வரி இல்லாமல் போயிருப்பதைப் பார்த்துவிட்டு "படையெடுப்பு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம், பல இடங்களில் படையெடுத்தது சிமெண்ட் மூட்டைதான்.

அப்பாரு கட்டின தொட்டிக்கட்டு வீடு. மூன்று வருடமாக ஐப்பசி மழையில் ஒழுகி, சுவர் அடியில் உப்பிவிட்டது. தம்பி இடித்துவிட்டுத் தளம் போட்டுக்கொள்ளலாம் என்கிறான், அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். நான் என்ன செய்ய?
– சென்னிமலைப் பக்கத்து வாசகி

முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். இடிக்கிற வேலை நாளைக்கே நடக்கப்போவதில்லை.

எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னால் உங்களுக்கு உதவும். எங்களுடையதும் இதே மாதிரி வீடுதான். நான்கு பக்கமும் ஓட்டுக்கூரை உள்வாசலைப் பார்த்துச் சரியும், நடுவில் தொட்டி, தொட்டியின் ஈசானி மூலையில் ஒரு கல் தூம்பு. அந்தத் தூம்பு ஆசாரம் என்கிற கூடத்துத் திண்ணைக்கு அடியில் ஓடி, புறக்கடையில் வாழைக்குப் போய்ச் சேரும். ஒரு கல்யாணத்துக்காக ஆசாரத்துக்கு டைல்ஸ் ஒட்டினோம். தூம்பு வழியாக எலி வருகிறது என்று யாரோ சொல்ல, அதையும் அன்றைக்கே ஒரு கரண்டி சிமெண்டில் அடைத்தாகிவிட்டது. மேஸ்திரி மேல் குற்றம் இல்லை, "அடச்சிரலாங்களா?" என்று அவர் கேட்டபோது தலையாட்டியது நான். அந்த ஐப்பசியில் ஒரு ராத்திரி இடியும் மழையும். ரெண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் தொட்டி ததும்பி, ஆசாரத்தில் கணுக்கால் அளவு தண்ணீர், அதில் எங்கள் ஆத்தாவின் வெற்றிலைப் பெட்டி மிதந்துகொண்டிருந்தது. பத்து நாள் கழித்து மண்சுவர் அடியில் வயிறு தள்ளியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 5 செ.மீ. மழை விழுந்தால் 4,600 லிட்டர். இருநூறு லிட்டர் டிரம்மில் இருபத்து மூன்று டிரம். ஒரு மணி நேரத்தில் அத்தனையும் உங்கள் தொட்டிக்குத்தான் வந்து விழும், வீடு கட்டினவர் அப்படித்தான் யோசித்துக் கட்டியிருக்கிறார். தண்ணீர் வெளியே போக அவர் ஒரு வழியும் வைத்திருப்பார். அந்த வழியைத் தேடுங்கள். பல வீடுகளில் அது அடைபட்டுத்தான் கிடக்கிறது. கண்டுபிடித்தால் ஒரு மூங்கில் குச்சியும் ரெண்டு குடம் தண்ணீரும் போதும். பழைய தூம்பு இந்தக் கால மழைக்குச் சின்னதாக இருந்தால் பக்கத்திலேயே இன்னொன்று எடுக்கலாம், அதில் தப்பில்லை.

அப்புறம் கூரை. ஓடுகளை முழுக்க இறக்கி, உடைந்ததை மட்டும் மாற்றி, திரும்ப அடுக்க வேண்டும். பனஞ்சட்டம் உறுதியாக இருந்தால் தொடாதீர்கள், கரையான் ஏறினதை மட்டும் மாற்றுங்கள். ஓட்டுக்கு மேல் தகரம் போடச் சொல்வார்கள், போட்டால் சித்திரையில் உள்ளே உட்கார முடியாது. உப்பிய சுவரில் சிமெண்ட் பூச்சு இருந்தால் அதைக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, நீர்த்த சுண்ணாம்பும் மணலும் சேர்த்துப் பூசுங்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீரை அதில் கலக்கும் பழக்கம் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், தேட வேண்டும், கூலி கொஞ்சம் கூடும். சுவர் காய்வதற்கு ஒரு கோடை முழுக்க ஆகும், அவசரப்படாதீர்கள்.

தம்பியிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: தளம் போட்ட வீட்டில் மே மாதம் மத்தியானம் அவர் எந்த அறையில் படுப்பார்? ஏசி போட்ட அறையில் என்பார். கரண்ட் போனால் எங்கே வந்து படுப்பார்?

ஊட்டி ரயில் பாதையில் வருடாவருடம் மண் சரிகிறது, ரயிலை நிறுத்துகிறார்கள், பாறையை அகற்றுகிறார்கள், மறுபடி சரிகிறது. இவ்வளவு செலவு செய்து இந்த விளையாட்டு ரயிலை ஓட்டத்தான் வேண்டுமா?
– மேட்டுப்பாளையம் வாசகர்

உங்கள் ஊர்க்காரர் இப்படிக் கேட்பது ஆச்சரியம்தான். உங்கள் ஸ்டேஷன் வாசலில் டீக்கடை வைத்திருப்பவர் படித்தால் சண்டைக்கு வருவார்.

46 கிலோமீட்டர் பாதை. குன்னூர் வரை 1899-ல், ஊட்டி வரை 1908-ல் போனது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் பல்சட்டம் ஆரம்பிக்கும், இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். 12 அடி போனால் ஒரு அடி உயரம், அவ்வளவு செங்குத்து. 208 வளைவு, 250 பாலம், 16 குகை. யுனெஸ்கோ 2005-ல் பட்டியலில் சேர்த்தது, டார்ஜிலிங் அதற்கு முன்னால் 1999-லேயே சேர்ந்துவிட்டது. இந்தப் பல்சக்கர ஏற்பாட்டில் பயணிகளை ஏற்றி ஓடும் ரயில் இந்தியாவில் இது ஒன்றுதான். ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடிப் பெட்டியில் இன்ஜினை வைத்தால் அது பழைய இரும்பு. இன்ஜினை ஓட்டத் தெரிந்த கை, பல்சட்டத்தைப் பழுது பார்க்கத் தெரிந்த கை, ராத்திரி மழையில் டார்ச் அடித்துக்கொண்டு பாதையில் நடந்து பாறை விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் கால், இதெல்லாம் சேர்ந்துதான் அந்த ரயில்.

மண் ஏன் சரிகிறது என்பதற்கு வருகிறேன். நீலகிரிக்கு மழை புதிதல்ல. ஆனால் 2009 நவம்பரில் சில நாளில் விழுந்த மழையில் மலை பல இடத்தில் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பதிவானது. நம் கொங்கு நாட்டுச் சமவெளியில் பல ஊருக்கு ஒரு வருடம் முழுக்க விழுவதே அவ்வளவுதான். இப்படிப்பட்ட மழைக்கு, மேலே சோலையும் புல்வெளியும் இருந்தால் தண்ணீர் உறிஞ்சி மெதுவாக இறங்கும். அதே சரிவில் ஒருவர் ரிசார்ட்டுக்கு மண்ணை வெட்டி, அதன் வடிகாலைப் பக்கத்து ஓடையில் திருப்பிவிட்டால், கீழே 1899-ல் ஒரு சின்ன ஓடைக்காகக் கட்டிய பாலம் அதைத் தாங்காது. தண்டவாளத்தை மட்டும் காப்பாற்றுகிறேன் என்றால் இந்தப் பாதை நிற்காது, அதற்கு மேலே இருக்கும் சரிவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். செலவு குறைய வேண்டுமானால் பாறை விழுந்த பிறகு ஜேசிபிக்குக் கொடுக்கும் காசில் கொஞ்சத்தைப் புரட்டாசிக்கு முன்னால் பாலத்தடியில் மண் எடுக்கக் கொடுக்கலாம்.

பவானிசாகர் அணையில் தண்ணீர் வற்றினால் உள்ளே கோயில் தெரிகிறது. நாங்கள் நண்பர்களோடு போய்ப் பார்த்தோம், அருமை! அதைப் பெயர்த்தெடுத்து மேலே கட்டக் கூடாதா?
– சத்தியமங்கலம் வாசகர்

டணாயக்கன் கோட்டை மாதவப் பெருமாள் கோயிலைச் சொல்கிறீர்கள். 1955-ல் அணை வேலை முடிந்தபோது கோட்டையும் கோயிலும் உள்ளே போயின. மேட்டூரிலும் இதே கதை. 1934-ல் அணை வந்தது, இன்றைக்கும் நீர்மட்டம் நன்றாகக் கீழே இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தியும் கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தலையைத் தூக்கும். நந்தி தெரிந்தால் வறட்சி என்று அந்தப் பக்கத்து விவசாயிகள் வயிற்றில் புளி கரையும், நமக்கு அது செல்ஃபி எடுக்கும் இடம்.

பெயர்த்தெடுப்பது முடியாத காரியம் இல்லை. எகிப்தில் அபு சிம்பல் பாறைக் கோயிலை 1960-களில் அறுத்து எடுத்து மேலே கொண்டுபோய் வைத்தார்கள். ஸ்ரீசைலம் அணை வந்தபோது கூடவல்லி சங்கமேஸ்வரர் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து ஆலம்பூரில் கட்டினார்கள். அங்கெல்லாம் தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் அளவெடுத்து, நம்பர் போட்டுப் பிரித்தார்கள். நாம் எழுபது வருடம் ஊறவைத்த பிறகு கேட்கிறோம்.

தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் கல்லுக்குப் பெரிய ஆபத்து இல்லை. ஒரு வருடம் மூழ்கி, ஒரு வருடம் வெயிலில் காய்ந்து, மறுபடி மூழ்குவதுதான் கேடு. மழை ஒரேயடியாகப் பொய்ப்பதும் ஒரேயடியாகப் பெய்வதும் மாறி மாறி வரும் காலத்தில் இந்த ஏற்ற இறக்கம் கூடும். ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் அடியில் இருக்கும் மண் கொஞ்சம் கரைந்து போகும், தூண் சாயும்.

அதனால் நான் கேட்பதெல்லாம், அடுத்த தடவை வெளியே தெரியும்போது சுற்றுலாக் கும்பலுக்கு முன்னால் அளவெடுக்கும் ஆட்கள் போய் மூலைமுடுக்கெல்லாம் படம் பிடித்து, கல்வெட்டு இருந்தால் படி எடுத்து வைத்துவிட வேண்டும். மாற்றிக் கட்டுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு பேசலாம். நீங்கள் அனுப்பிய படத்தில் தூணில் சாக்பீஸில் ஒரு பெயரும் இதயமும் இருக்கிறது. உங்கள் நண்பர் பெயர் இல்லை என்று நம்புகிறேன்.

நான் பத்தாவது படிக்கிறேன். கொடுமணல் பக்கம் மாமா ஊர். மழை பெய்த மறுநாள் காட்டில் சிவப்பாக ஒரு மணி கிடைத்தது. ஓட்டை பாதிதான் போட்டிருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா?
– பெருந்துறை மாணவி

கண்ணு, உன் கையில் இருப்பது ரெண்டாயிரம் வருடத்துக்கு முந்தி யாரோ முடிக்காமல் விட்ட வேலையாக இருக்கலாம். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் அது. நொய்யலின் வடகரையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் தோண்டியபோது சிவப்பான சூதுபவளம், பளிங்கு என்று பல கல்லில் மணிகளும், வெட்டினது, தேய்த்தது, துளை போடாதது என்று ஒவ்வொரு கட்டத்தில் நின்றுபோனதும் கிடைத்தன. இரும்பு உருக்கிய உலையும் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துள்ள பானை ஓடுகளும் வந்தன. முழு மணியை எங்கேயும் விற்றிருப்பார்கள், பாதித் துளை போட்டது கிடைத்தால்தான் பட்டறை அங்கேயே இருந்தது என்று தெரியும். அதனால் உன் மணி அழகில்லை என்று நினைக்காதே.

வைத்துக்கொள்ள முடியாது. 1878-லிருந்து புதையல் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, மண்ணில் கிடைக்கும் பழம்பொருளைக் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. பயப்படாதே, யாரும் உன்னைத் திட்டப்போவதில்லை. மாமாவோடு போய், எடுத்த இடத்தில் ஒரு ஸ்கேல் வைத்துச் செல்போனில் படம் எடு, இடத்தைக் குறித்துக்கொள், வி.ஏ.ஓ.விடம் சொல்லச் சொல். மழை வலுக்க வலுக்க மேல்மண் அடித்துக்கொண்டு போய் இப்படி நிறைய வெளியே வரும். இன்னொன்று கண்ணில் பட்டால் கையால் எடுக்காமல் படம் மட்டும் எடு. எந்த மண்ணில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் பாதி வரலாறு.

கோயில், கல்வெட்டு, ரயில் மட்டும்தான் பாரம்பரியமா? எங்க கொறங்காட்டை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லையே.
– காங்கயம் வாசகர்

இந்த வாரத்தில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர் இவர்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொறங்காடு என்றால் உழாத மேய்ச்சல் காடு, தனியார் பட்டா நிலம். காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் போனால் சாலை ஓரத்தில் கிளுவை வேலி தெரியும். முள்ளும் இலையுமாகப் பின்னிக்கொண்டு பாம்பு கூடச் சிரமப்பட்டு நுழையும் வேலி அது. மழைக்கு முன்னால் கிளையைப் போத்தாக வெட்டி நட்டால் பிடித்துக்கொள்ளும், சிமெண்ட் போஸ்டும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். மரம் நிழலுக்கு, அதன் நெற்று கோடையில் ஆட்டுக்கு. ஒரு காட்டில் புல் குறைந்தால் மாட்டை அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள், மேய்ந்த காடு ஓய்வெடுக்கும். ஐந்து மாதம் மழை இல்லாமல் புல் காய்ந்து பழுப்பேறிச் செத்துப்போன மாதிரி கிடக்கும், ரெண்டு உழவு மழை விழுந்தால் பத்தே நாளில் பச்சை. நூறு அடி, ஆயிரம் அடி என்று போர் போட்டுத் தென்னைக்குத் தண்ணீர் இறைத்து, கடைசியில் தென்னையும் காய்ந்து கடனும் மிஞ்சியவர்கள் வேலி ஓரத்தில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

காங்கயம் மாடு உருவானதே இந்தக் காட்டில்தான். கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும், ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும், காளைக்குத் திமிலும் கழுத்தும் கருப்பேறும். இந்த மாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் ஊர் ஊராகத் தெருவில் நின்றோம், நல்லது. அது மேயும் காடு பிளாட் போட்டும், சோலார் தகடு அடுக்கியும் குறைந்துகொண்டு வருகிறது, அதற்கு யார் நின்றார்கள்? சூரிய மின்சாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை, பருவநிலைக்கு அது நல்லதுதான். அதற்காக வறட்சியைத் தாங்கத் தெரிந்த நிலத்தையே எடுத்து அடுக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி, காங்கயம் பக்கத்தில் மொட்டைமாடிக்கும் ஆலைக் கூரைக்கும் பஞ்சமா என்ன. நீலகிரியில் தோடர் பழங்குடியினர் கோயிலுக்கு வேயும் புல்லும் இப்படித்தான், ஈரப்புல்வெளி காய்ந்தால் கோயிலுக்குக் கூரை கிடையாது.

ஐயா, உங்கள் காட்டில் எத்தனை வகைப் புல் இருக்கிறது, எந்த மாதம் எது முளைக்கிறது என்று உங்கள் பேரனை வைத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்களுக்கு மனப்பாடம், அவனுக்குத் தெரியாது.

பரணில் அப்பிச்சியின் வைத்தியச் சுவடி ஒரு கட்டு. பூஞ்சை பிடித்துவிட்டது. வெயிலில் காயவைக்கலாமா?
– கரூர் வாசகர்

வேண்டவே வேண்டாம். ஓலை வளைந்து ஒடிந்துவிடும். பிளாஸ்டிக் கவரிலும் போடாதீர்கள், உள்ளே வேர்க்கும். ஒட்டியிருக்கும் ஏட்டை நகத்தால் பிரிக்காதீர்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில் வெள்ளைத் துணி மேல் வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுங்கள். பருத்தித் துணியில் சுற்றி, பக்கத்தில் வசம்பு போட்டு, பரணிலிருந்து கீழே இறக்கி வையுங்கள். ஓட்டுக்கு அடியில் பரணில் பகலில் கொதிக்கும், மழை நாளில் ஈரம் ஏறும், சுவடிக்கு அது ரெண்டும் ஆகாது. எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுவது, மை தடவுவது எல்லாம் தெரிந்தவர் கையால் நடக்க வேண்டும். சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ கேளுங்கள். கொங்கு நாட்டுச் செப்பேடுகளும் சுவடிகளும் நமக்கு இவ்வளவு கிடைத்ததே கல்வெட்டு ஆய்வாளர் புலவர் செ. இராசு மாதிரி ஆட்கள் ஊர் ஊராகப் போய்க் கேட்டதால்தான், கொடுத்தவர்கள் பரணிலிருந்து இறக்கியதாலும்தான்.

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை இல்லையா? நாங்கள் வரி கட்டுகிறோம்.
– திருப்பூர் வாசகர்

பாதி அவர்கள் வேலை. அரசியல் சாசனத்தின் 49-ம் பிரிவு தேசிய முக்கியத்துவம் உள்ள சின்னங்களைக் காப்பது அரசின் கடமை என்கிறது. அதே சாசனத்தில் 51ஏ பிரிவு நம் பாரம்பரியத்தைப் பேணுவதும், காடு, ஏரி, ஆறுகளைக் காப்பதும் குடிமகன் கடமை என்று அடுத்தடுத்த வரியில் சொல்கிறது. 1976-ல் சேர்த்தபோது என்ன நினைத்தார்களோ, இன்றைக்கு அந்த ரெண்டு வரியும் ஒரே வேலையாகிவிட்டன.

மத்தியத் தொல்லியல் துறையின் கையில் நாடு முழுக்க 3,600-க்கும் மேல் சின்னங்கள். தமிழ்நாட்டில் அறநிலையத் துறையின் கீழ் கோயில்கள் மட்டும் பல்லாயிரம். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் பழங்கோயில்களையும் சின்னங்களையும் காப்பது பற்றி 75 கட்டளைகள் போட்டது. நல்ல தீர்ப்புதான், ஆனால் உங்கள் ஊர்க் கோயில் தளத்தில் காய்ந்த இலை தூம்பை அடைத்துக் கிடப்பதை நீதிபதி வந்து எடுக்க மாட்டார். நொய்யல் உங்கள் ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. சாயத்தண்ணீரை அதில் விட்டபோது எந்தத் துறை பார்த்துக்கொண்டிருந்தது என்று நீங்கள் கேட்கலாம். வரி கட்டினவர்கள்தான் சாயத்தையும் விட்டார்கள் என்று நானும் சொல்லலாம். இதில் ஜெயிக்க யாருக்கும் ஒன்றும் இல்லை, விட்டுவிடுவோம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம்?
– ஈரோடு ஆசிரியை

அறச்சலூர் நாகமலை. பிராமி எழுத்து வட்டெழுத்தாக மாறும் காலத்துக் கல்வெட்டு, "த தை தா தை த" என்று ஆரம்பிக்கும் தாளக்கட்டு. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், எப்படிப் படித்தாலும் ஒன்றே வரும். எழுத்தைச் சேர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறான். பிள்ளைகள் அங்கேயே தாளம் போட ஆரம்பித்துவிடுவார்கள், பாறையைத் தொடாமல் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வருடமும் ஒரே தேதியில், ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் ஒரு படம் எடுத்துப் பள்ளியில் தேதி போட்டு வையுங்கள். பத்து வருடம் கழித்துப் பாறையில் எங்கே தண்ணீர்க் கறை ஏறியது, எங்கே பாசி படர்ந்தது என்று அந்தப் பத்துப் படம் சொல்லிவிடும்.

புலியோடு சண்டை போட்ட வீரனுக்கு நட்ட புலிகுத்திக் கல் எங்கள் ஊரில் இருக்கிறது, அதற்கு எனாமல் பெயிண்ட் அடிக்கலாமா?
– அவிநாசி வாசகர்

வேண்டாம். வீரனுக்கும் வேண்டாம், புலிக்கும் வேண்டாம். எண்ணெயும் மஞ்சளும் உங்கள் வழக்கம், அதில் நான் தலையிடவில்லை.

எங்கள் குலதெய்வக் கோயிலில் கும்பாபிஷேகம் வைத்திருக்கிறோம். படம் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?
– திருச்செங்கோட்டுப் பக்கத்து வாசகர்

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விமானத்துக்கு ஏழு கலரில் பெயிண்ட் அடித்தாகிவிட்டது, அதைப் பற்றி இனிப் பேசிப் பயன் இல்லை. வடக்குச் சுவரில் அபிஷேகத் தண்ணீர் வெளியே வரும் கோமுகியைப் பாருங்கள். சுற்றுப்பிரகாரத்துக்குக் கல் பதித்தபோது தரையை உயர்த்தி, கோமுகியின் வாயில் பாதிக்குச் சிமெண்ட் ஏறியிருக்கிறது. அபிஷேகத் தண்ணீர் வெளியே வராமல் கருவறைச் சுவரில்தான் இறங்குகிறது, அந்தக் கருப்புக் கறை அதுதான். கும்பாபிஷேகத்துக்கு முன்னால் அந்தச் சிமெண்டை உளியால் மெதுவாகத் தட்டி எடுக்கச் சொல்லுங்கள், பிரேக்கர் மெஷின் வைக்க வேண்டாம். எடுத்துவிட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, எவ்வளவு நேரத்தில் வெளியே வருகிறது என்று எழுதுங்கள். தளம், தட்டோடு எல்லாம் அதற்குப் பிறகு சொல்கிறேன்.